கலகம் செய்யாதவர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆரணிக் கோட்டை யார் யார் கையில் இருந்தது என்று என்னிடம் யாராவது கேட்டால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன். யாரும் கேட்பதில்லை என்பதால் ஊர் தப்பித்துக்கொண்டிருக்கிறது.

சேத்துப்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குடியிருப்பது ஆரணியில். வேலை பார்க்கும் ஊரிலேயே தங்கினால் அலுவலகம் சாயங்காலமும் வீட்டுக்கு வந்துவிடும் என்பது மற்றவர்களிடம் நான் சொல்லும் காரணம். உண்மையான காரணம், ஆரணியில் என்னை யாருக்கும் தெரியாது. ஆறு வருடங்கள் ஆகியும் தெரியாது. மாலை ஆறு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி, நான்கு இட்லியோ இரண்டு பரோட்டாவோ கட்டி வாங்கிக்கொண்டு மாடியேறிக் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை என்னோடு பேசுபவர் ஒரே ஒருவர்தான். அவரும் கணினிக்குள் இருந்தார்.

வரலாற்று வியூக விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. திரையில் ஒரு வரைபடம் விரிந்து கிடக்கும். நீங்கள் ஓர் அரசரையோ நவாபையோ எடுத்துக்கொண்டு, வரி போட்டு, கோட்டை கட்டி, பக்கத்து ஊர்க்காரனை நம்பவைத்துக் கழுத்தறுத்து, மெல்ல மெல்ல வரைபடம் முழுவதையும் உங்கள் நிறத்துக்கு மாற்ற வேண்டும். நான் விளையாடுவது மிகப் பழையது. உருவாக்கியவர்களே அதை மறந்துவிட்டிருப்பார்கள். ஆனால் ரசிகர்கள் தங்கள் சொந்த நாட்டையும் சொந்தச் சண்டையையும் உள்ளே சேர்த்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐரோப்பாவில் குக்கிராமத்துக்குக்கூடக் கொடியும் தளபதியும் இருந்தன. வேலூரிலிருந்து செஞ்சி வரை, ஆற்காட்டிலிருந்து வந்தவாசி வரை 'காலி நிலம்' என்று போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படித்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

கோட்டையைப் புள்ளியாக வைப்பது சுலபம். குணம் கொடுப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம் வேண்டும். இல்லாவிட்டால் நவாபும் மராட்டியரும் ஒரே ஆள்தான், சட்டை மட்டும் வேறு. மராட்டியக் குதிரைகளுக்கு வேகத்தைக் கொடுத்தேன், முற்றுகையிட்டு உட்காரும் பொறுமையைப் பிடுங்கிக்கொண்டேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு நல்ல பீரங்கிகள், போதாத ஆட்கள். செஞ்சிக்கு யாராலும் ஏற முடியாத மலை, ஆனால் மேலே இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோவது பெரும்பாடு. நவாபுக்குப் பெரிய சேனை, அதில் பாதி எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கே தெரியாது. ஆரணி சின்னக் கோட்டை. பெரியவர்கள் அடித்துக்கொள்ளும்போது நடுவில் மாட்டிக்கொள்வது அதன் குணம்.

ஒவ்வொரு தரப்புக்குள்ளும் மக்கள் பிரிவுகள் உண்டு. சண்டை போடுகிறவர்கள், நெய்கிறவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள் என்று. அவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் குணம் எழுத வேண்டும். சின்னப் பெட்டி, இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் கொள்ளாது. அதில் ஒரு கூட்டத்தையே அடைத்துவிட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணையும் போட்டால், அவர்கள் அப்படியே நடந்துகொள்வார்கள். எழுதுகிறவனுக்கு அதில் ஒரு போதை இருக்கிறது. எனக்கும் இருந்தது, மறைப்பானேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர் வந்தார். ரசிகர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு, உங்கள் குணங்கள் பிரமாதம், கொடிகள் சகிக்கவில்லை, நான் வரைந்து தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். எனக்கு ஒரு புனைபெயர், அவருக்கு ஒரு புனைபெயர். இரண்டும் வெள்ளைக்காரத் தளபதிகளின் பெயர் போலத்தான் இருக்கும். என் ஆங்கிலம் அலுவலகக் கடித ஆங்கிலம். 'தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது' என்ற தொனியில்தான் எனக்கு நட்பே வரும். அவர் அதைக் கிண்டல் செய்வார். பெங்களூரில் ஏதோ கண்ணாடிக் கட்டிடத்தில் குளிரில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கல்லூரிப் பேராசிரியர் என்று அவர் நினைத்திருந்தாராம். நானும் மறுக்கவில்லை.

ஆறரை மணிக்கு அவர் வருவார். எட்டரை வரை வேலை செய்வோம். அவர் வரைவார், நான் எழுதுவேன். நாளடைவில் அவரும் எழுத ஆரம்பித்தார். பலவீனம் எழுதுவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஒருமுறை எனக்கு டெங்கு வந்து நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் திறந்து பார்த்தால் அவரிடமிருந்து பதினோரு செய்திகள். அலுவலகத்திலிருந்து ஒன்றும் இல்லை. அந்தப் பதினொன்றையும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. சொன்னால் பஸ் பிடித்து வந்துவிடுவாள். அவள் வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

காரணம் வீடு. கீழே வீட்டுக்காரர் நான்கு தறிகள் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், பொங்கலுக்குத் தூக்கில் பொங்கல் கொடுத்து அனுப்புவார். நான் வீடு கேட்டு வந்த அன்று சொந்த ஊர் எது என்றார். தெள்ளார் என்றேன். "தெள்ளார்ல யார் வீட்டுங்க சார்?" என்று அடுத்து கேட்டார். "அப்பா தவறிட்டாருங்க" என்றேன். அடடா என்று அதோடு விட்டுவிட்டார். எங்கள் வீடு தெள்ளாரைத் தாண்டி ஒரு கிராமத்தின் காலனியில் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் இந்த மாடி கிடைத்திருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் இரண்டு வீடுகளில் சொன்னேன், இரண்டிலும் மறுநாள் வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது. மறைக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. வாசலில் யார் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவாள். பெற்றவளைப் பிள்ளை வீட்டுக்கு வரவிடாமல் ஆறு வருடம் வைத்திருக்கிறேன். எழுதவே கூசுகிறது.

அவர் யார் என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. அவர் வரையும் கொடி எதுவானாலும் ஓரத்தில் ஒரு கரை ஓடும். பிரெஞ்சுக் கொடிக்குக்கூட. கட்டம் கட்டமாக, பிசிறில்லாமல் இருக்கும். அழகுக்காகப் போடுகிறார் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு கார்த்திகை மாதம், ஆரணித் தரப்புக்கு அவர் ஒரு பலவீனம் சேர்த்தார். மழை மாதங்களில் பட்டு உற்பத்தி பாதியாகக் குறையும். ஏன் என்று கேட்டேன். தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும், தெருவில் பாவு நூலை இழுத்து நீட்ட முடியாது, நூல் ஒன்றோடொன்று ஒட்டும் என்று எழுதினார். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, புத்தகமெல்லாம் இல்லை, சும்மா தெரியும் என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீழே காலையிலிருந்தே தறிச் சத்தம் இல்லை. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு வேவு பார்க்க ஆரம்பித்தேன். நாளைக்குக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இருக்காது, படம் அனுப்ப முடியாது என்று அவர் எழுதும் நாளிலெல்லாம் டீக்கடையில் பேப்பரைப் புரட்டினேன். பராமரிப்புப் பணிக்காக மின்தடை ஏற்படும் ஊர்களின் பட்டியல் சின்ன எழுத்தில் இருக்கும். மூன்று முறை பொருந்தியது. பட்டியலில் ஐந்தாறு ஊர்கள். அவற்றில் வீட்டுக்கு வீடு தறி இருக்கிற ஊர் முள்ளிப்பட்டு. ஒரு டவுன் பஸ் தூரம். இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடமாக ஆங்கிலத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் தமிழில் பேசுவார். தமிழில் பேசினால் இரண்டாவது கேள்வி எந்த ஊர் என்பது. மூன்றாவது கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இருக்கும்வரை நான் ஒரு பேராசிரியர், அவர் பெங்களூர்க்காரர். அதுவே போதும் என்று இருந்தேன். இருந்த ஒரே ஆளை இழக்க எனக்குத் தைரியமில்லை.

இந்த வருடம் பங்குனியில் ஆரணியின் பண்ணையாட்கள் என்ற பிரிவுக்கு அவர் குணம் எழுதி அனுப்பினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: விசுவாசமானவர்கள். கொஞ்சத்தில் திருப்தி அடைவார்கள். ஒருபோதும் கலகம் செய்ய மாட்டார்கள். கீழே எண்ணையும் போட்டிருந்தார். கலக வாய்ப்பு பூஜ்யம்.

முதலில் அலுவலகப் பாணியில் ஆட்சேபித்தேன். பூஜ்யம் என்று ஒரு தரப்புக்கும் வைக்கக்கூடாது, ஆட்டம் சப்பென்று போய்விடும் என்று நீளமாக எழுதினேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆரணிக்கு மழையும் பலவீனம், இடமும் பலவீனம், ஏதாவது ஒன்று சிக்கலில்லாமல் இருந்தால்தான் யாராவது அதை எடுத்து விளையாடுவார்கள். கடைசியில், அவர்கள் அப்படித்தான், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே என்றும் எழுதியிருந்தார். பார்க்கிறேனே என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. வரலாற்றைப் பற்றி அல்ல, பக்கத்துத் தெருவைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஓர் அறுவடையில் எங்கள் காலனி ஆட்கள் நான்கு நாள் வயலில் இறங்கவில்லை. கூலி நெல்லைக் குறுமரக்காலில் அளக்கக்கூடாது, சரியான மரக்காலில் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். முதலில் கேட்டவர் அப்பா. காலனிக்கு வரும் தண்ணீரை நிலக்காரர்கள் நிறுத்தினார்கள். நான்கு நாளில் அம்மா அடுப்பு மூட்டியது இரண்டே தடவை. ஐந்தாம் நாள் மரக்கால் மாறியது. எல்லோரும் வேலைக்குப் போனார்கள், அப்பாவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அதற்குப்பின் சாகும்வரை அவர் பக்கத்து ஊர்களுக்கு நடந்துபோய்த்தான் வேலை செய்தார். அவரைப் போய்ப் பூஜ்யம் என்றால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

ஒரு வாரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். வழக்கம்போல் ஆறரைக்கு அவர் வந்தார், வழக்கம்போல் பதில் எழுதினேன். அந்த வரியைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். எட்டாம் நாள் முதல் தடவையாகத் தமிழில் தட்டினேன். 'அது எங்க ஆளுங்க. அந்த வரிய எடுத்துடுங்க.' பிறகு தெள்ளாரைத் தாண்டி எந்தக் காலனி என்பதையும், அப்பாவின் நான்கு நாளையும் எழுதினேன். அனுப்பிவிட்டுக் கணினியை அணைத்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. போய்விட்டார் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை சட்டைகூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்திருந்தேன். இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. இனி ஆறரை மணிக்கு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மதியம் அந்தத் தளம் வழியாகவே அவர் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் குரல். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"முள்ளிப்பட்டுலருந்து பேசறேங்க" என்றார்.

தெரியும் என்றேன். மின்தடைப் பட்டியலைச் சொன்னதும் கொஞ்சம் சிரித்தார். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி, காலையில் தறியில் உட்காருவதும் மதியத்துக்கு மேல் புடவைக் கரைக்குக் கணினியில் டிசைன் போடுவதுமாக இருக்கிறாராம். அந்த வரியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பதில் அறுவடை மாதத்தில் நான்கு நாள் வேலை நிற்கும், ஆள்கிறவன் இறங்கிவராவிட்டால் அந்த வருட விளைச்சல் போகும் என்று வைக்கலாமா என்று கேட்டார். வையுங்கள் என்றேன். பிறகு அவர் தயங்கினார்.

"நெசவு செய்றவங்களுக்கு நீங்க எழுதினது ஞாபகம் இருக்குதுங்களா?"

இல்லை. அவரே சொன்னார். மென்மையானவர்கள், சண்டைக்கு உதவ மாட்டார்கள், எதிரி வருகிறான் என்றால் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடுவார்கள். முதல் வருடம் நான் எழுதியது. இரண்டு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன்.

"தறியில உக்காந்துகினுதான் போன்ல அத படிச்சேன். பக்கத்துத் தறியில எங்கப்பா நெய்துகினு இருந்தாரு."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க பேசறத நிறுத்திடுவீங்கன்னு பயம்தாங்க. எனக்கும் வேற ஆளு இல்ல."

வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சேர்ந்து கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்ததை மறைக்க மாட்டேன். நெய்கிறவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், ஓடுவார்கள் என்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார். எடுத்தேன். போனை வைப்பதற்கு முன், "ஞாயித்துக்கிழமை வாங்க, எங்க வீட்ல சாப்பிடலாம்" என்றார். வருகிறேன் என்றேன்.

மறுநாளே ஞாயிறு. ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. பதினொன்றரைக்குப் பேருந்து நிலையத்துக்கு அவர் பைக்கில் வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்னவர், ஒல்லி, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தலையைத் தடவிக்கொள்கிறவர். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் வேலூர்க் கோட்டை அகழியின் ஆழத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு பின்னால் ஏறிக்கொண்டேன். அம்மா காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருப்பதாக வழியில் சொன்னார். என்னைப் பற்றி அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

முள்ளிப்பட்டுக்குத் திரும்பும் இடம் வந்தது. வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டர் போட்டார். முனையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் வயதான ஒருவர் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, யாரு என்பது போல அவரிடம் தலையை அசைத்தார். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார். பைக் நேராகப் போனது.

ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். பிறகு முன்னால் பார்த்தபடியே, "இப்படியே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாங்களா? காத்து நல்லாருக்குது" என்றார்.

சித்திரை வெயில். காற்று அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. "போலாங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்தது, வந்தது என்றே எழுதுகிறேன். முள்ளிப்பட்டில் ஓர் அம்மா இலை போட்டுக் காத்திருக்கிறாள் என்ற நினைப்பு வேறு. அவர் முதுகு விறைத்திருந்தது. வழியில் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். நவாபின் சேனையைப் பற்றி இருவரும் மாற்றி மாற்றிப் பேசினோம், தட்டைப் பார்த்துக்கொண்டே. பணம் கொடுக்க என்னை விடவில்லை.

திரும்பி வந்து பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். ஆப்பிள் பையை அவரிடம் நீட்டி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். மன்னிச்சிடுங்க என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு, "உங்க ரூம் எங்கங்க? நான் வந்து பாக்கறேன்" என்றார்.

கீழே நான்கு தறிகள். வீட்டுக்காரர் முள்ளிப்பட்டில் பெண் எடுத்தவர். இவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், சார் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று பேச்சு வரும். அவர் செய்ததும் நான் செய்யப்போவதும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். அவருக்கு வருவது ஊர்ப்பேச்சு, எனக்குப் போவது தலைக்கு மேலே இருக்கும் கூரை. ஆனாலும் எதிரில் ஒருவர் வருகிறேன் என்று கேட்டுக்கொண்டு நின்றார். ஆறு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்.

"அந்தப் பக்கங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் அந்தத் திசையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் காட்டியது என் தெரு இருக்கிற பக்கமே இல்லை. அவர் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.